அரைக் கிலோ குட்டியும் ஒரு மில்லி ரத்தமும்

குழாயின் அடியில் ரத்தம் ஒரு விரல் நகத்தின் உயரத்துக்குத்தான் இருந்தது. ஒரு மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. மேலே ஒட்டியிருந்த சீட்டில் விலங்கின் எண், பிறந்த தேதி, எடை. 510 கிராம். பிறந்து ஆறு நாளே ஆன ரீசஸ் குரங்குக் குட்டி. அதன் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தமே 35, 40 மில்லிக்குள் அடங்கிவிடும். அதில் எங்களுக்கு என்று எடுத்துக் கொடுத்தது இவ்வளவுதான். இனி ஒரு வாரத்துக்கு அதைத் தொடக்கூடாது.

இந்த ஒரு மில்லியை வைத்துக்கொண்டு வைரஸ் அளவு பார்க்க வேண்டும், ஆன்டிபாடி பார்க்க வேண்டும், செல்களைப் பிரித்துச் சாயமேற்றி, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இயந்திரத்தில் ஓட்ட வேண்டும், மிச்சத்தை உறைய வைக்க வேண்டும். பெரிய குரங்கின் மாதிரி வந்தால் "எல்லாவற்றையும் செய்துவிடலாம்" என்பேன். குட்டியின் மாதிரி வந்தால் முதலில் "எதை விடுவது?" என்றுதான் யோசிக்க வேண்டும். என் வேலைநாளின் பாதி இந்தக் கணக்கில் போகிறது. கை தவறிக் குழாய் சாய்ந்துவிட்டால் அந்த நாள் அந்தக் குட்டியின் வாழ்க்கையில் திரும்ப வராது. அதனால் குழாயைத் திறக்கும் முன் மேசையைச் சுற்றி எல்லாரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வேன்.

குழந்தைகளின் உடம்பு எச்.ஐ.வி.யை எப்படி எதிர்கொள்கிறது என்பதை விலங்குகளில் பார்ப்பதுதான் நான் செய்யும் வேலை. இதைச் சொன்னதும் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும். ஏன் குழந்தைகளுக்கென்று தனியாக? ஏன் விலங்குகள்? இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது சிலரின் முகம் மாறும். அந்த முகமாற்றம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். அதனால் இரண்டுக்கும் சேர்த்து நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் குழந்தைகள். சிகிச்சை இல்லாத நிலையில், எச்.ஐ.வி. தொற்றோடு பிறக்கும் அல்லது பிறந்த சில மாதங்களில் தொற்று பெறும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அதே வைரஸ் பெரியவர்களிடம் எய்ட்ஸாக முற்றச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களின் ரத்தத்தில் வைரஸ் முதல் சில வாரங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்கள் களமிறங்கியதும் மளமளவென்று இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும். குழந்தையிடம் அந்த இறக்கம் இல்லை. ஏறிய வைரஸ் ஏறிய இடத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும்; மெல்ல இறங்கவே ஆண்டுகள் ஆகும்.

ஏன் இப்படி? இதை மனிதக் குழந்தைகளிடம் நேரடியாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. தொற்று கருப்பையில் நடந்ததா, பிரசவத்தின்போதா, தாய்ப்பால் வழியாகவா, எந்த நாள், எந்த மணி என்பது பெரும்பாலும் தெரியாது. குழந்தையின் குடலிலிருந்தோ நிணநீர்க் கணுவிலிருந்தோ சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கவும் முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், தொற்று உறுதியானால் அன்றே மருந்து தொடங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நடந்த 'செர்' ஆய்வு 2008இல் இதைக் காட்டியது: பச்சிளம் பருவத்திலேயே மருந்து தொடங்கிய குழந்தைகளிடம் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு "கொஞ்சம் காத்திருந்து பார்ப்போம்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆக, முதல் இரண்டு மூன்று நாட்களில் வைரஸ் எங்கே போகிறது, யார் அதைத் தடுக்கிறார்கள், யார் தவறவிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் விலங்கைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, எந்த விலங்கு?

சுண்டெலிதான் நோயெதிர்ப்பியலின் வேலைக்குதிரை. ஆனால் எச்.ஐ.வி. சுண்டெலியைத் தொற்றாது. அதைவிட ஆழமான சிக்கல் வேறு. மனிதக் கருவில் ஏறக்குறைய பதினைந்தாவது வாரத்திலேயே டி செல்கள் தாங்கள் வளரும் தைமஸ் சுரப்பியைவிட்டு வெளியே வந்து உடம்பெங்கும் குடியேறத் தொடங்கிவிடுகின்றன. சுண்டெலிக் குட்டிக்கு அந்தக் குடியேற்றமே பிறப்பையொட்டித்தான் நடக்கிறது. நோயெதிர்ப்பு என்ற கணக்கில் பார்த்தால் சுண்டெலி குறைமாதத்தில் பிறக்கிற பிராணி. தடுப்பூசி ஆராய்ச்சிக்காரர்கள் பலர் ஒரு வார வயது சுண்டெலியைத்தான் புதிதாய்ப் பிறந்த மனிதக் குழந்தைக்கு ஈடாக வைத்துக்கொள்கிறார்கள்.

தாயிடமிருந்து ஆன்டிபாடி குழந்தைக்குப் போகிற வழியும் விலங்குக்கு விலங்கு வேறு. மனிதர்களில் ஐஜிஜி வகை ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகவே போய்விடுகிறது, அதிலும் கடைசி மூன்று மாதங்களில் அதிகமாக. கன்றுக்குட்டிக்குப் பிறக்கும்போது தாயின் ஆன்டிபாடி அநேகமாக ஒன்றும் இருக்காது. சீம்பால் குடித்த பிறகுதான் எல்லாம். சுண்டெலிக்கு இரண்டு வழியும் உண்டு, பிறந்த பிறகும் குடல் வழியாகப் பாலிலிருந்து ஆன்டிபாடி உள்ளே போய்க்கொண்டிருக்கும். தாய்ப்பாலில் இருக்கும் ஆன்டிபாடி குழந்தையை வைரஸிடமிருந்து காக்குமா என்று கேட்கும்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டால் பதில் தலைகீழாகிவிடும்.

அதற்காகச் சுண்டெலியை ஒதுக்கிவிட முடியாது. பச்சிளம் உயிரின் எதிர்ப்பாற்றல் பற்றிய மூலக் கருத்துகளே அதிலிருந்துதான் வந்தன. 1953இல் பில்லிங்ஹாம், பிரெண்ட், மெடவார் மூவரும் கருவிலேயே அந்நியச் செல்களைச் சந்தித்த சுண்டெலி, வளர்ந்த பிறகு அந்த அந்நியத் தோலை ஒட்டுப்போட்டாலும் ஏற்றுக்கொள்கிறது என்று காட்டினார்கள். 'பிறந்த புதிதில் உடம்பு எதையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும்' என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது அசையவில்லை. 1996இல் 'சயின்ஸ்' இதழில் ஒரே நேரத்தில் வந்த மூன்று ஆய்வுகள் அதை அசைத்தன. அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பிறந்த சுண்டெலிக்கு ஒரு ரெட்ரோவைரஸை (எச்.ஐ.வி.யின் குடும்பத்து வைரஸ்) அதிக அளவில் கொடுத்தால் எதிர்ப்பு தவறிப்போகிறது. அதே வைரஸை மிகக் குறைவாகக் கொடுத்தால், பெரிய சுண்டெலியிடம் பார்ப்பதுபோலவே காக்கும் டி செல்கள் கிளம்புகின்றன. ஆக, குட்டியிடம் திறன் இருக்கிறது. எவ்வளவு வைரஸ், எப்படி வந்தது, உடன் என்ன வந்தது என்பதைப் பொறுத்து அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது மாறுகிறது.

பின்னால் வந்த சுண்டெலி ஆய்வுகள் இன்னும் ஒரு படி போயின. குட்டியின் சிடி8 செல்கள் மந்தமானவை அல்லவாம். பெரியவற்றைவிட வேகமாகப் பாய்ந்து பெருகுகின்றன. ஆனால் சீக்கிரமே தேய்ந்து, சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்களாக மாறாமல் அழிந்துபோகின்றன. 'பலவீனம்' என்ற சொல் இதற்குப் பொருந்துமா? பொருந்தாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆனால் இந்தத் துறைக்கு வந்த புதிதில் நானும் அந்தச் சொல்லைத்தான் எழுதினேன்.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். நான் ஃப்ளோ சைட்டோமீட்டரில் வேலை பழகியது வளர்ந்த குரங்குகளின் ரத்தத்தில். திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. புள்ளிகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். எந்தக் கூட்டம் இன்னும் எதையும் சந்திக்காத செல்கள், எந்தக் கூட்டம் நினைவுச் செல்கள் என்று நாம் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இதற்கு ஆய்வகத்தில் 'கேட் போடுவது' என்பார்கள். ரீசஸ் குரங்கில் சிடி28, சிடி95 என்ற இரண்டு குறிகளை வைத்து இதைச் செய்வோம். நான் வளர்ந்த குரங்குக்குப் போட்ட அதே கேட்டுகளைக் குட்டியின் மாதிரிக்கும் அப்படியே இழுத்துப் போட்டேன். நினைவுச் செல் கட்டம் கிட்டத்தட்டக் காலி. குரங்குகளின் எச்.ஐ.வி. என்று சொல்லத்தக்க எஸ்.ஐ.வி. விரும்பித் தாக்குவது நினைவுச் செல்களைத்தான். ஆகவே "பச்சிளம் குட்டியின் எதிர்ப்பு மண்டலம் முதிர்ச்சியற்றது, பலவீனமானது, வைரஸுக்கு இலக்காகும் செல்களும் குறைவு" என்று வரைவில் எழுதி வைத்தேன்.

என் வழிகாட்டி அந்த வரியைப் படித்துவிட்டுச் சிவப்பு மையை எடுக்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லித் திரையைக் காட்டினார். "இது குட்டிகிட்ட இல்லையா, இல்ல உன் கட்டத்துக்குள்ள இல்லையா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. "இலக்கு செல் குறைவுன்னா, இந்த வயசுக் குட்டிகளுக்கு வைரஸ் ஏன் இவ்வளவு ஏறுது? ரத்தத்தை மட்டும்தானே பார்த்திருக்க. குடல் எங்கே?"

2007இல் வெளியான ஓர் ஆய்வை அன்று இரவே படித்தேன். பிறந்த ரீசஸ் குட்டிகளின் ரத்தத்தில் நினைவு சிடி4 செல்கள் (வைரஸின் முக்கிய இலக்கான டி செல் வகை) சொற்பம்தான். ஆனால் குடலில், பிறந்த நாளிலேயே, அவை இருக்கின்றன. தொற்று ஏற்பட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள் அங்கேதான் வைரஸ் கொள்ளைபோலப் பரவி அந்தச் செல்களை அழித்துவிடுகிறது. ரத்தத்தில் எண்ணிக்கை பெரிதாக மாறாததால் வெளியே தெரிவதில்லை. மனிதக் கருவின் குடலிலும், வைரஸ் நுழையும் சிசிஆர்5 என்ற வாசலைத் தாங்கிய நினைவு சிடி4 செல்கள் இருப்பதைப் பிறகு வேறு குழு காட்டியது. குழந்தை வாய் வழியாக வைரஸை விழுங்குகிறது. கதவு திறந்த வீடு குடலிலேயே காத்திருக்கிறது.

சில வாரங்கள் கழித்து முதன்முறையாக ஒரு குட்டியின் குடல் மாதிரி என் மேசைக்கு வந்தது. ஒரு சுண்டுவிரல் நுனி அளவுத் திசு. அது வந்தது என்றால் அந்தக் குட்டி இனி இல்லை என்று பொருள். அதன் எண் எனக்கு நினைவிருந்தது, ஐந்து முறை அதன் ரத்தத்தைப் பிரித்திருக்கிறேன். அன்று வேறு எந்த வேலையும் எடுத்துக்கொள்ளாமல் அந்தத் துணுக்கிலிருந்து முடிந்த அளவு செல்களைப் பிரித்தேன். குட்டிகளின் வயதுக்கு ஏற்றபடி கேட்டுகளைப் புதிதாகப் போட்டேன். கூட்டம் தெளிவாக நின்றது. என் வரைவில் இல்லை என்று எழுதிய செல்கள்.

ரீசஸ் குரங்குக்கு இப்போது வருகிறேன். எச்.ஐ.வி. இதையும் தொற்றாது. ரீசஸ் செல்களுக்குள் டிரிம்5ஆல்ஃபா என்ற ஒரு புரதம் வைரஸ் நுழைந்ததுமே அதன் உள்கூட்டைப் பிடித்து முடக்கிவிடும் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். அதனால் எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி.யையோ, எஸ்.ஐ.வி.க்கு எச்.ஐ.வி.யின் மேலுறையைப் போர்த்திய 'ஷிவ்' என்ற கலப்பையோ பயன்படுத்துகிறோம். ஆன்டிபாடி பற்றிய ஆய்வுக்கு ஷிவ் வேண்டும், ஏனென்றால் ஆன்டிபாடி பிடிப்பது மேலுறையைத்தான். கர்ப்பகாலம் ஏறக்குறைய 165 நாள். நஞ்சுக்கொடி நம்முடையதைப் போலவே ஐஜிஜியைக் கடத்துகிறது. குட்டியின் ஒரு மாதம் மனிதக் குழந்தையின் நான்கு மாதத்துக்குச் சமம் என்று தோராயமாக வைத்துக்கொள்கிறோம்.

விலங்குக் காப்பகத்தில் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் வேளையில் சில முறை உடனிருந்திருக்கிறேன். கதகதப்பான பெட்டி, உள்ளே பற்றிக்கொள்ள ஒரு மெத்தென்ற துணிப் பொம்மை. அங்கே பல ஆண்டுகளாக இருக்கும் அண்ணன் ஒருவர் குட்டியைத் துண்டில் சுற்றிப் பால்புட்டியை வாயில் வைப்பார். அது இரண்டு கையாலும் புட்டியைப் பிடித்துக்கொள்ளும், ஒரு காலால் அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ளும். தாய்ப்பால் வழித் தொற்றைப் போலிக்க, இதே புட்டிப்பாலில் வைரஸைச் சிறுசிறு அளவாகப் பல முறை கலந்து கொடுக்கும் ஆய்வுகளும் உண்டு. அந்த அண்ணன் ஒருநாள் கேட்டார்: "இதால ஒரு குழந்தையாவது பிழைக்குமா, தம்பி? பிழைக்கும்னா சொல்லுங்க, எனக்கு அது தெரியணும்." அவருக்கு அன்று நான் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

டெனோஃபோவிர் என்று இன்று உலகமெங்கும் எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் மருந்து. தொடக்கத்தில் அதற்கு பிஎம்பிஏ என்று பெயர். 1995இல் வளர்ந்த குரங்குகளில் அது எஸ்.ஐ.வி. தொற்றைத் தடுத்தது. 1998இல் கலிஃபோர்னியாவில் கோன் வான் ரோம்பேயின் குழு பிறந்த குட்டிகளுக்கு வாய்வழி எஸ்.ஐ.வி. கொடுப்பதற்குச் சற்று முன்பு ஒன்று, பின்பு ஒன்று என இரண்டே ஊசி போட்டது. குட்டிகள் தப்பின. தொற்று நேரும் வேளையைச் சுற்றிக் கொடுக்கும் சில வேளை மருந்தே ஒரு பச்சிளம் உயிரைக் காக்கும் என்பதற்கு அது நேரடிச் சான்று. எந்தத் தலையீடும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். இன்று மருந்தும் கவனிப்பும் சரியாகக் கிடைத்தால் அது 5 சதவீதத்துக்குக் கீழ். இதற்கு மனிதர்களில் நடந்த பெரிய ஆய்வுகள்தான் முதுகெலும்பு, சந்தேகமில்லை. 1994இல் ஏஇசட்டி மருந்து 25.5 சதவீதத்தை 8.3 ஆக்கியதும் அப்படித்தான் தெரிந்தது. அந்தப் பாதையில் குட்டிகளின் காலடியும் இருக்கிறது.

ஆனால் அவரிடம் நான் அதிக நேரம் சொன்னது வேறொன்று. தவிர்க்கப்பட்ட ஆபத்து.

1992இல் ரொனால்ட் டெஸ்ரோசியர்ஸின் குழு எஸ்.ஐ.வி.யிலிருந்து 'நெஃப்' என்ற மரபணுவை வெட்டியெடுத்து, அந்த முடமான வைரஸை வளர்ந்த குரங்குகளுக்கு உயிருள்ள தடுப்பூசியாகக் கொடுத்தது. குரங்குகள் நோயுறவில்லை. பிறகு வீரியமுள்ள வைரஸைக் கொடுத்தபோதும் தாக்குப்பிடித்தன. எச்.ஐ.வி. தடுப்பூசி வரலாற்றில் அவ்வளவு உறுதியான பாதுகாப்பை அதுவரை யாரும் பார்த்ததில்லை. எங்கும் பேச்சு. அடுத்த கட்டமாக நெஃப் மட்டுமல்லாமல் இன்னும் இரண்டு இடங்களிலும் வெட்டிய, கூடுதல் பாதுகாப்பானது என்று கருதப்பட்ட வைரஸும் வந்தது.

அதை ரூத் ருப்ரெக்ட்டின் குழு பிறந்த குட்டிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தது. முடிவு 1995இல் வெளியானது. குட்டிகளின் ரத்தத்தில் வைரஸ் ஏறி இறங்காமல் நின்றது. ரத்தசோகை வந்தது, தட்டணுக்கள் சரிந்தன, சிடி4 செல்கள் கரைந்தன. எய்ட்ஸ். பெரியவர்களுக்குத் தடுப்பூசியாக இருந்த அதே துளி குட்டிகளுக்கு நோயாக இருந்தது. 'குட்டிகள்தானே, பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை' என்று அன்று வாதிட்டவர்களும் உண்டு. 1997இல்கூட அமெரிக்காவில் சில மருத்துவர்கள் இந்த வகைத் தடுப்பூசியைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துக்கொள்ள முன்வந்தார்கள். 1999இல் அதே ருப்ரெக்ட் குழு, நீண்டகாலம் கவனித்த பிறகு, வளர்ந்த குரங்குகளில் சிலவற்றுக்கும் எய்ட்ஸ் வந்ததைக் காட்டியது. அந்த வழி அத்தோடு மூடப்பட்டது.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் குரல் கொஞ்சம் மாறிவிடும். குட்டிகளில் பார்க்காமல் விட்டிருந்தால், பெரியவர்களின் முடிவை வைத்தே ஒரு உயிருள்ள வைரஸ் மனிதர்களுக்குள் போயிருக்கலாம். தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண் கருவுற்றிருந்தால் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குட்டிகள் ஆபத்தை நான்கு ஆண்டுகள் முன்னதாகவே காட்டிவிட்டன.

அந்த அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். புட்டி காலியானதும் குட்டியைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினார்.

ஷிவ் வைத்துச் செய்த ஆய்வுகளில் 2016இல் ஒரிகனிலிருந்து வந்த ஒன்றை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். ஆன் ஹெசல், நான்சி ஹெய்க்வுட் இருவரும் அதில் முக்கியமானவர்கள். ஒரு மாதக் குட்டிகளுக்கு வாய்வழியே ஷிவ் கொடுத்தார்கள். ஒரே நாளில் வைரஸ் உடம்பின் பல திசுக்களில் கால் வைத்துவிட்டது. 24 மணி நேரம் கழித்து, பலவகை எச்.ஐ.வி.யையும் முடக்கவல்ல இரண்டு மனித ஆன்டிபாடிகளைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள். 4, 7, 10 ஆம் நாட்களிலும் தொடர்ந்தார்கள். இரண்டு வாரத்தில் திசுக்களில் வைரஸ் இல்லை. ஆறு மாதம் கழித்துத் தேடியபோதும் இல்லை. உள்ளே நுழைந்துவிட்ட வைரஸின் சிறு குவியல்களை ஆன்டிபாடி நிரந்தரமாகத் துடைத்துவிட்டது. தாமதித்தால் வாய்ப்பு குறைகிறது என்பதையும் அதே வழியில் பின்னர் செய்த சோதனைகள் காட்டின. ஒரு நாளுக்கும் இரண்டு நாளுக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம்! பிரசவ அறையில் மணிக்கணக்கு ஏன் முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

குரங்கு மட்டும்தான் என்றில்லை. பூனைகளைத் தாக்கும் உறவுக்கார வைரஸான எஃப்.ஐ.வி. 1980களின் நடுவில் கண்டுபிடிக்கப்பட்டது, குட்டிகளுக்குப் பால்வழித் தொற்றும் அதில் பார்க்கலாம். இன்று எங்கள் துறையில் அதைப் பயன்படுத்துவோர் குறைவு. மனித எதிர்ப்புச் செல்களை ஏற்றி வளர்த்த சுண்டெலிகள் இன்னொரு வழி. அவற்றுக்கு உண்மையான எச்.ஐ.வி.யையே கொடுக்கலாம். 2012இல் அந்தச் சுண்டெலிகளில் ஓர் அழகான முடிவு வந்தது: தொற்று இல்லாத பெண்களின் தாய்ப்பாலோடு கலந்து வைரஸை வாய்வழி கொடுத்தபோது, தொற்று பெருமளவு தடைப்பட்டது. வைரஸைக் கடத்தும் அதே பாலில் வைரஸைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. தொற்றுள்ள தாயின் பாலைக் குடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் தினமும் பல முறை குடித்தும் தப்பிக்கிறார்களே, அந்தப் புதிருக்கு ஒரு நூல்முனை. ஆனால் அந்தச் சுண்டெலியின் உடம்பு சுண்டெலியுடையது, உள்ளே ஏற்றிய செல்கள் மட்டுமே மனிதருடையவை. குழந்தைப் பருவம் என்ற ஒன்றை அதில் முழுதாகப் பார்க்க முடியாது.

இயற்கை தானாக நடத்திவைத்த ஒரு சோதனையும் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே குரங்குகள் காலங்காலமாக எஸ்.ஐ.வி.யைச் சுமக்கின்றன. ரத்தத்தில் வைரஸ் நிறைய இருந்தும் எய்ட்ஸ் வருவதில்லை. தாயிடமிருந்து குட்டிக்குப் போவதும் அரிது. அவற்றின் சிடி4 செல்களில் சிசிஆர்5 வாசல் குறைவு, குட்டிகளிடம் இன்னும் குறைவு. கதவைச் சாத்திக்கொண்டு வைரஸோடு வாழப் பழகிவிட்டன. அப்புறம் 2016இல் ஒரு மனித ஆய்வு வந்தது. பிறப்பிலேயே தொற்று பெற்று, மருந்தில்லாமலும் நோய் முற்றாமல் இருக்கும் சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளின் எதிர்ப்பு மண்டலம் மங்கபேயை நினைவூட்டுவதுபோல இருந்தது: வைரஸ் அதிகம், எதிர்ப்புச் செல்களின் கிளர்ச்சி குறைவு, நீண்டநாள் வாழும் நினைவுச் செல்களில் சிசிஆர்5 குறைவு. அதைப் படித்தபோது என் பழைய வரைவை மறுபடி நினைத்தேன். அந்தக் குழந்தைகளை வைரஸோடு மூர்க்கமாகச் சண்டையிடும் ஆற்றல் காக்கவில்லை. அமைதியாக இருக்கும் ஆற்றல்தான் காத்திருக்கிறது. அதை நான் குறை என்று எழுதியிருந்தேன்.

இன்னொன்று. பலவகை எச்.ஐ.வி.யை முடக்கும் ஆன்டிபாடி பெரியவர்களிடம் உருவாகப் பொதுவாக ஆண்டுகள் ஆகும், செல்கள் ஏராளமான மாற்றங்களைக் கடந்து வரவேண்டும். நைரோபியில் தொற்று பெற்ற குழந்தைகளின் ரத்தத்தை ஜூலி ஓவர்பாவின் குழு பார்த்தபோது, சில குழந்தைகள் இரண்டு வயதுக்குள்ளேயே அப்படிப்பட்ட ஆன்டிபாடியை உருவாக்கியிருந்தார்கள். ஆய்வில் பிஎஃப்520 என்று குறிக்கப்பட்ட குழந்தையிடமிருந்து 2016இல் பிரித்தெடுத்த ஆன்டிபாடி, தொற்று ஏற்பட்டு ஓராண்டுக்குள், சொற்ப மாற்றங்களோடே அந்தத் திறனை எட்டியிருந்தது. குறுக்குவழி ஒன்று குழந்தையின் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. குட்டிகளுக்குத் தடுப்பூசி கொடுத்து அதே வழியைத் திறக்க முயலும் ஆய்வுகள் இப்போது நடக்கின்றன. 2024இல் வந்த ஒன்று, குட்டிக் குரங்குகளில் அப்படிப்பட்ட ஆன்டிபாடிகளின் முன்னோடிகள் கிளம்புவதைக் காட்டியது.

வைரஸ் பதுங்கும் இடம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2010இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். ஒன்றரை வயதில் மருந்து நின்றுபோனது, ஆனால் வைரஸ் திரும்பவில்லை. 2013இல் செய்தி வந்தபோது நாங்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினோம். மருந்து நின்று 27 மாதம் கழித்து, 2014இல், வைரஸ் திரும்பிவிட்டது. எங்கே ஒளிந்திருந்தது? பெரியவர்களிடம் முக்கியமாக நினைவுச் செல்களில் தேடுவோம். மருந்தில் இருந்த குட்டிக் குரங்குகளைப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, இன்னும் எதையும் சந்திக்காத சிடி4 செல்களிலும் கணிசமான பங்கு இருப்பதைச் சொன்னது. குழந்தையிடம் அந்தச் செல்கள்தானே மிகுதி. பெரியவர்களின் வரைபடத்தை வைத்துத் தேடினால் பாதி வீட்டை விட்டுவிடுவோம்.

கடந்த ஆண்டுகளில் நான் படித்ததில் என்னை மிகவும் பாதித்தது 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஆன்டிபாடியை ஊசியாக மாதாமாதம் போடுவதற்குப் பதில், அதைத் தயாரிக்கும் மரபணுவை ஏஏவி என்ற தீங்கற்ற வைரஸில் ஏற்றித் தசையில் ஒரே முறை செலுத்துவது. தசைச் செல்களே ஆன்டிபாடித் தொழிற்சாலை ஆகிவிடும். வளர்ந்த குரங்குகளில் இதை முயன்றபோது பழைய தடை ஒன்று திரும்பத் திரும்ப வந்தது: உடம்பு அந்த ஆன்டிபாடியையே அந்நியம் என்று எதிர்த்து ஒழித்துவிடும். பிறந்த முதல் மாதத்துக்குள் கொடுத்த குட்டிகள் எதிர்க்கவில்லை. தன்னுடையது என்று எடுத்துக்கொண்டன. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆன்டிபாடி சுரந்துகொண்டே இருந்தது, ஷிவ்விலிருந்து அவற்றைக் காத்தது. இரண்டு மூன்று மாதம் தாமதித்துக் கொடுத்த குட்டிகளில் எதிர்ப்பு தலைகாட்டியது. 1953இல் மெடவார் பார்த்த அதே ஏற்கும் இயல்பு, இப்போது கேடயமாக. தாய்க்கும் சேய்க்கும் மருத்துவரை மறுபடி சந்திக்க வழியில்லாத இடத்தில், பிறந்த அன்று போடும் ஒரே ஊசி தாய்ப்பால் காலம் முழுவதும் துணைநிற்குமென்றால்! மனிதக் குழந்தைகளில் இதைச் செய்துபார்க்க இன்னும் பல படிகள் இருக்கின்றன என்பது தெரியும். ஆனாலும் அந்தக் கட்டுரையை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன்.

அண்ணன் அன்று விடுப்பு. அவருடைய அலமாரிக் கதவின் இடுக்கில் செருகிவிட்டு, மேலே பென்சிலால் "நீங்க கேட்டது" என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். மேசையில் ஆறு நாள் குட்டியின் குழாய் காத்திருந்தது. செல்களைப் பிரித்தேன், சாயமேற்றினேன், இயந்திரத்தில் ஓட்டினேன். வளர்ந்த குரங்கின் கேட்டுகள் திரையில் தானாக வந்து நின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதே வயதுக் குட்டிகளின் மாதிரியைப் பக்கத்தில் திறந்துவைத்து, முதல் கோட்டை இழுத்தேன்.